எலும்பின் சாட்சியம்

அக்கரப்பத்தனையிலிருந்து தம்புள்ளைக்குப் போவது சுலபமான பயணமன்று. குளிரில் நடுங்கிக்கொண்டு அதிகாலை மூன்று மணிக்குப் பஸ் ஏறினால், தலவாக்கலை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று மலையிறங்கி, வெயில் காயும் சமவெளியைச் சேர்வதற்குள் பொழுது உச்சியை நெருங்கிவிடும். நான் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்த கடைசி வருஷங்களில் ஒருநாள், முப்பத்தாறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தப் பயணத்தைச் செய்தேன். சீகிரியாவைப் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. போகும் வழியில் இப்பன்கட்டுவையைப் பார்க்க வேண்டும் என்பது என்னுடைய ஆசை.

பார்த்த மாத்திரத்தில் பிள்ளைகளுக்கு ஏமாற்றந்தான். மரங்களுக்கிடையே, நிலத்தில் பாதி புதைந்து நிற்கும் கற்பலகைகளைத் தவிர அங்கே வேறு அதிசயம் ஒன்றும் இல்லை. "இதுக்கா சேர் வந்தோம்?" என்று ஒரு பையன் கேட்டே விட்டான். அவர்களை நிழலில் உட்காரவைத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

இப்பன்கட்டுவை ஓர் ஈமக்காடு. தம்புலு ஓயாவின் அருகே, சீகிரியாவின் காசியப்பனுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்த மக்கள் தங்கள் இறந்தோரை வைத்த இடம். நான்கு பக்கமும் நான்கு கற்பலகைகளை நட்டு, மேலே ஒரு பலகையை மூடியாக வைத்து, உள்ளே சாம்பலும் எலும்பும் கொண்ட தாழியை இறக்கியிருக்கிறார்கள். இத்தகைய கற்பதுக்கைகள் தொகுதி தொகுதியாக அமைந்துள்ளன. நாற்பத்திரண்டு தொகுதிகள் கணக்கிடப்பட்டிருக்கின்றன; தொகுதி ஒன்றில் ஏறத்தாழ பத்துக் கல்லறைகள். 1980களில், பேராசிரியர் சேனக பண்டாரநாயக்க போன்றோர் முன்னின்று நடத்திய சீகிரியா–தம்புள்ளைப் பிரதேச ஆய்வுகளின் காலத்தில், இலங்கை அறிஞரும் ஜெர்மன் அறிஞரும் இங்கே அகழ்ந்தார்கள். இக்கல்லறைகளின் காலம் கி.மு. 700க்கும் 450க்கும் இடைப்பட்டது என்று கணித்தார்கள். கறுப்பும் சிவப்புமான மட்கலங்கள், இரும்பு, செம்பு, சிறிது பொன், கழுத்துமாலைகளின் மணிகள் ஆகியவை கிடைத்தன. மணிகளுள் செந்நிறச் சூதுபவளமும் உண்டு. அந்தக் கல் கடல் கடந்து இந்தியாவிலிருந்து வந்ததாகக் கருதுகிறார்கள்.

நான் பேசி முடித்ததும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய தாய் எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்.

"சேர், இந்தக் கல்லையெல்லாம் வெட்டி, தூக்கிக்கிட்டு வந்தவங்கள எங்க பொதைச்சாங்க?"

முப்பது ஆண்டுகள் சரித்திரம் படிப்பித்தவன் நான். அந்தக் கேள்வியை நான் எவரிடமும் கேட்டதில்லை. என்னிடமும் எவரும் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற காவலரிடம் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் வயது முதிர்ந்தவர். சற்று நேரம் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவர்களுக்கு இப்படிப் பெட்டி கிடைத்திராது, சேர். என் அப்பனுக்கும் கிடைக்கவில்லை" என்றார்.

பிள்ளைகள் பஸ்ஸில் ஏறிய பிறகும் நான் சற்று நேரம் அங்கேயே நின்றேன். அந்தக் கேள்வி என்னை வேறோர் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த இடம் தூரத்தில் இல்லை. நாங்கள் வந்த அதே பெருந்தெருதான்.

கோப்பித் தோட்டக் காலத்தில், 1830களுக்குப் பிறகு, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூலிகளாக அழைத்துவரப்பட்ட எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து கால்நடையாகவே மலைநாட்டுக்கு நடந்தார்கள். வடக்கிலிருந்து காட்டை ஊடறுத்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு வரும் பாதை அவர்கள் நடந்த பாதை. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அந்தப் பாதையில் அவர்களோடு கூடவே நடந்தன. விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவனின் சாம்பல் தாழிக்குள் பத்திரமாக இருக்கும் அதே வட்டாரத்தில்தான், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த எங்கள் பாட்டன் பூட்டன்மார் எங்கே கிடக்கிறார்கள் என்று சொல்ல ஒரு கல்லும் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்தவனல்லன். அப்பாயி சொல்லக் கேட்டவன். என் தகப்பனாரைப் பெற்றவள், ஐப்பசி மழையில் வேலை நின்ற நாட்களில், லயத்துக் காம்பராவின் அடுப்போரம் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்வாள். அவளுடைய மாமியார் இளந்தாயாகக் கைக்குழந்தையோடு அந்தப் பாதையில் நடந்து வந்தவர். தம்புள்ளையை எட்டுவதற்குச் சற்று முன் குழந்தை காய்ச்சலில் இறந்துவிட்டது. கங்காணி கூட்டத்தை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. இருட்டுவதற்குள் அடுத்த தங்குமிடத்தைச் சேர வேண்டும். காட்டில் யானை உண்டு. புருஷனும் பெண்சாதியும் ஒரு மரத்தடியில் கம்பாலும் கையாலும் பள்ளம் தோண்டினார்கள். மடியில் இருந்த அரிசியில் நான்கு மணியைக் குழந்தையின் வாயில் இட்டார்கள். தாய் தன் கழுத்தில் கிடந்த கருகமணிச் சரத்தைப் பாதியாக அறுத்து, குழந்தையின் கையில் கட்டினாள். நரி தோண்டாமல் இருக்க மேலே ஒரு கல்லை உருட்டி வைத்தார்கள். பிறகு ஓடிப்போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். "திரும்பிப் போறப்ப பாத்துக்கலாம்னு வந்தாங்களாம், திரும்பிப் போகவே இல்ல" என்று அப்பாயி கதையை முடிப்பாள்.

அப்பாயி சொன்ன அந்தக் குழியில் என்னென்ன இருந்தன? உணவு, மணி, மேலே ஒரு கல். இப்பன்கட்டுவையின் கல்லறைகளில் இருப்பவையும் இவைதாமே! அங்கே பொருள்களின் தரம் உயர்ந்தது, அவ்வளவுதான். இறந்தவருக்குப் பசிக்கும், இறந்தவர் வெறுங்கையாகப் போகக் கூடாது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றே. தாமிரபரணிக் கரையிலுள்ள சிவகளையில் ஓர் ஈமத்தாழிக்குள் நெல்மணிகள் கிடைத்தன. ஆய்வுகூடத்தில் அவற்றின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்ட செய்தி 2021இல் வெளியானது. உலகமே வியந்தது. நான் வாய்க்கரிசியை நினைத்துக்கொண்டேன்.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டி வந்த காரணத்தைச் சொல்கிறேன்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை ஆசிரிய நண்பர்கள் அறிவார்கள். இலங்கையில் ஒருவன் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவனுடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதாவது, எங்களிடம் மட்டும் அது பரம்பரையின் பத்திரத்தைக் கேட்டது. அடுத்த ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. ஏற்கப்பட்டவர்களின் தொகை ஒன்றரை லட்சத்தைக்கூட எட்டவில்லை.

என் தகப்பனாரும் விண்ணப்பித்தார். அவர் 1922இல் எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனாரும் அதே தோட்டத்தில் பிறந்தவர்தான். ஆனால் அந்தப் பிறப்பு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. விசாரணைக்கு அழைத்த அதிகாரி கேட்டாராம்: "உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு என்ன அத்தாட்சி?"

"இங்கதான் தொரை பொதைச்சிருக்கோம். வந்தா காட்டுறேன்" என்றாராம் என் தகப்பனார்.

"புதைத்த இடம் பிறந்த இடத்துக்கு அத்தாட்சியாகாது" என்று எழுதிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாராம் அதிகாரி.

சட்டப்படி அந்த அதிகாரி சொன்னது சரியே. அவர் கெட்டவருமல்லர், தமக்குக் கொடுக்கப்பட்ட அளவுகோலால் அளந்தவர். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எங்கள் குடும்பத்தை இரண்டாகப் பிளந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட உடன்படிக்கையில், நாடற்றவராயிருந்த 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். என் தகப்பனார் மூன்று லட்சத்துள் ஒருவராகப் பல ஆண்டுகள் காத்திருந்து பிரசையானார். சித்தப்பா ஐந்தேகால் லட்சத்துள் ஒருவராக 1972இல் தலைமன்னாரில் கப்பலேறினார். ஒரே தாய் வயிற்றில், ஒரே காம்பராவில் பிறந்த இருவர்! புறப்படுவதற்கு முதல்நாள் சித்தப்பா தோட்டத்து மயானத்துக்குப் போய், அப்பாயியின் குழிமேட்டில் ஆற்றிலிருந்து எடுத்துவந்த ஒரு வெள்ளைக் கல்லை நட்டார். "அடையாளம் தெரியணும்டா" என்றார் என்னிடம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மிச்சமிருந்த நாடற்றோருக்கெல்லாம் பிரசாவுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது. அதற்குள் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

"புதைத்த இடம் பிறந்த இடத்துக்கு அத்தாட்சியாகாது." இந்த வாக்கியத்துக்கு எதிரே தொல்லியல் விஞ்ஞானம் இன்று என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

மனிதனின் நிலைத்த பற்களின் சிப்பி சிறுவயதிலேயே உருவாகிவிடுகிறது. பிறகு அது மாறுவதில்லை. குழந்தை குடித்த தண்ணீரிலும் தின்ற உணவிலும் அந்த நிலத்துப் பாறையிலிருந்து கரைந்துவந்த ஸ்ட்ரோன்சியம் என்ற மூலகம் இருக்கும். அதன் வகைகளின் விகிதம் பாறைக்குப் பாறை வேறுபடும். அந்த விகிதம் பல்லில் பதிந்துவிடுகிறது. ஆகவே ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு பல்லை ஆராய்ந்து, இவன் சிறுவயதில் வளர்ந்தது புதைக்கப்பட்ட இதே வட்டாரத்திலா, வேறோர் இடத்திலா என்று ஆய்வாளர் கணிக்கிறார்கள். கரிமம் பதினான்கு என்ற அணு, உயிர் போன நாளிலிருந்து 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகிறது. மிச்சத்தை அளந்தால் இறந்த காலம் தெரிகிறது. பல்லில் குறுக்காக ஓடும் மெல்லிய பள்ளக் கோடுகள், குழந்தைப் பருவத்தில் பசியோ நோயோ உடலை வளரவிடாமல் நிறுத்திய நாட்களைக் காட்டுகின்றன. முதுகெலும்பின் தேய்மானம் சுமையைக் காட்டுகிறது. நெற்றியிலோ உச்சந்தலையிலோ கயிறு மாட்டி முதுகில் பாரம் சுமந்தவர்களின் கழுத்தெலும்பில் தேய்வு அதிகமாகத் தெரிவதை உலகின் பல பகுதிகளில் குறித்திருக்கிறார்கள்.

தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமப்பவர் யார்? நமது தாய்மார்களேயன்றி வேறு யார்?

இன்றைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் ஆய்வாளன் எங்கள் தோட்டத்துச் சரிவை அகழ்ந்து ஒரு பெண்ணின் எலும்புகளை எடுப்பானாகில், அவன் குறிப்பேட்டில் என்ன எழுதுவான்? "உயரம் குறைவு. சிறுவயதில் பலமுறை பட்டினி. கழுத்திலும் முதுகிலும் நெடுங்காலச் சுமையின் தேய்வு. பல்லின் சான்றுப்படி, இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள்." அன்று விசாரணை மேசையில் தாள் இல்லையென்று மறுக்கப்பட்டது, அவள் பல்லிலேயே எழுதப்பட்டிருக்கும்!

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவனை விசாரிக்க மனிதகுலம் இன்று எவ்வளவு பொறுமை காட்டுகிறது! மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டுகிறார்கள். ஓட்டுச் சில்லு ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இடுகிறார்கள். வரைபடம் எழுதிப் படம் பிடித்த பின்னரே ஒன்றை அதன் இடத்திலிருந்து அசைக்கிறார்கள். இந்தப் பொறுமையை நான் கேலி செய்யவில்லை. அது மனிதன் மனிதனுக்குக் காட்டும் உயர்ந்த மரியாதை. அதில் நூறில் ஒரு பங்கு உயிரோடு நின்ற என் தகப்பனாருக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்பதுதான் என் ஆதங்கம்.

ஓய்வு பெற்ற பின் சித்தப்பாவின் மகனைப் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போனேன். அவன் என்னை ஆதிச்சநல்லூருக்கு அழைத்துப்போனான். தாமிரபரணியின் தென்கரையில், பரற்கல்லும் செம்மண்ணும் கலந்த நீண்ட மேடு அது, 114 ஏக்கர். வயலுக்கு ஆகாத மேட்டையே பண்டை மக்கள் இறந்தோருக்கு ஒதுக்கினார்கள் என்கிறார்கள். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். அலெக்சாந்தர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்து, பொற்பட்டங்களையும் வெண்கலப் பாத்திரங்களையும் இரும்பு ஆயுதங்களையும் எடுத்தார். அவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004–05இல் சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழ்ந்தபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. இப்போது தாழிகளைக் கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் அமைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தோம். இறந்த கணவனுக்குத் தாழி வனையும் குயவனிடம், தனக்கும் சேர்த்து அகலமாகச் செய்யச் சொல்லும் பெண்ணின் பாட்டொன்று புறநானூற்றில் இருப்பது என் நினைவுக்கு வந்தது.

அங்கே கூட்டத்தில் ஒருவர், "இவர்கள்தாம் ஆதித் தமிழர்கள், நம் இரத்தம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் தம்பி என் காதருகே சொன்னான்: "அண்ணே, இந்த ஊர்ல எங்கள இன்னைக்கும் சிலோன்காரன்னுதான் சொல்றாங்க."

ஆதிச்சநல்லூரின் கறுப்பு–சிவப்பு மட்கலத்துக்கும் தாழிக்கும் நெருங்கிய உறவினை, வில்பத்துக் காட்டிலுள்ள பொம்பரிப்பில் காணலாம். 1956இல் பி. ஈ. பி. தெரணியகலவும் 1970இல் விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தார்கள். கடலின் இரு கரையிலும் ஒரே விதமாக இறந்தோரைத் தாழியில் இட்ட மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது தெளிவு. இதைக் கொண்டு இந்த நாட்டில் சண்டை பிடிப்போர் உளர். "அவர்கள் தமிழர், ஆகவே மண் எங்களது" என்பார் ஒருவர். "அவர்கள் எங்கள் மூதாதையர், நீங்கள் பின்னால் வந்தவர்கள்" என்பார் மற்றொருவர். எலும்பு தன் மொழியைச் சொல்வதில்லை. எழுத்து இல்லாத கல்லறை எந்த இனத்தின் உறுதிப்பத்திரமுமன்று. அது சொல்வது வேறு: மக்கள் இந்தக் கடலை எப்போதும் கடந்துகொண்டே இருந்தார்கள், மணியும் மட்கலமும் இரும்புத் தொழிலும் இறந்தோரை வழியனுப்பும் முறையும் அவர்களோடு போய்வந்தன. 'வந்தவன்' என்று ஒருவனை ஒதுக்குவதற்குத் தொல்லியலில் இடமே இல்லை. போதுமான ஆழத்துக்குத் தோண்டினால் எல்லோரும் வந்தவர்களே.

எங்கள் மலைகளுக்கும் இது பொருந்தும். 1885 அளவில் ஜோன் போல், ஈ. ஈ. கிறீன் என்ற இருவர் மஸ்கெலியா, நாவலப்பிட்டி முதலிய இடங்களில் பளிங்குக்கல் ஆயுதங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். இலங்கையின் கற்கால ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கிற்று என்பார்கள். கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு அழிக்கப்பட்டு மண் புரட்டப்பட்ட காலம் அது. புரட்டிய மண்வெட்டி யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

தம்புள்ளைப் பயணம் முடிந்து திரும்பிய வாரமே, அந்த மாணவியின் கேள்விக்கு விடை தேடத் தீர்மானித்தோம். எங்கள் தோட்டத்தின் பழைய மயானம் ஒரு கற்சரிவு. தேயிலைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட இடம். ஆனால் பின்னாளில் ஒரு நிருவாகத்தின் காலத்தில், அதன் கீழ்ப்பாதியிலும் கான் வெட்டிப் புதுத் தேயிலை நட்டுவிட்டார்கள். சித்தப்பா நட்ட வெள்ளைக் கல் எந்தக் கானில் உருண்டதோ, எந்தப் படிக்கட்டில் சேர்ந்ததோ, நான் அறியேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடி அமாவாசை தோறும், தோராயமாக ஓரிடத்தைப் பார்த்துத்தான் பால் தெளித்து வந்தேன்.

நாங்கள் மண்ணைத் தோண்டவில்லை. தோண்டுவது பயின்றவர் வேலை. அதற்குச் சட்டமும் உண்டு. நாங்கள் ஒரு நூறு பக்கக் கொப்பி வாங்கினோம். கானையும் பாறையையும் முள்ளுமுருங்கை மரங்களையும் குறித்து, அந்தச் சரிவுக்கு ஒரு வரைபடம் எழுதினோம். பிறகு லயம் லயமாகப் போய், வயதானவர்களிடம் கேட்டோம். பெயர் என்ன? எந்த வருஷம் இறந்தார்? என்ன வேலை செய்தார்? எந்த இடத்தில் புதைத்தீர்கள்? மேலே என்ன வைத்தீர்கள்? உள்ளே என்ன வைத்தீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பலர் அழுதுவிட்டே பதில் சொன்னார்கள். வெற்றிலை உரல், கொழுந்துக் கத்தரி வருவதற்கு முந்திய காலத்து விரலுறை, கவ்வாத்துக் கத்தி, ஒரு குழந்தைக்குச் சில்வர் கிண்ணம், ஒருவருக்கு அவர் கடைசிவரை தேடிக்கொண்டிருந்த பிரசாவுரிமை மனுவின் நகல்.

வேலை விட்டு நின்ற கிழவர் ஒருவர் எங்களோடு சரிவுக்கு வந்தார். தடியை ஊன்றிக்கொண்டு கானோரமாக நடந்து, ஒரு பாறையருகே நின்றார். "மாஸ்டர், ஒங்க அப்பாயிய எறக்கினப்ப தலமாட்டுல நின்னவன் நான். தல இந்தக் கல்லப் பாத்து இருந்திச்சு. இப்ப எண்ணுங்க, கானுலேர்ந்து மூணாவது செடி" என்றார். நான் எண்ணினேன். இருபது ஆண்டுகளாகப் பால் தெளித்த இடத்திலிருந்து அது ஏழெட்டு அடி தள்ளியிருந்தது. அந்தச் செடியிலும் அன்று காலையில்தான் கொழுந்து எடுத்திருந்தார்கள்.

கொப்பியில் இதுவரை அறுபத்து மூன்று பெயர்கள் ஏறியிருக்கின்றன. அந்தக் கிழவரும் இப்போது இல்லை. அவர் அறுபத்து நான்காவதாக எழுதப்பட வேண்டியவர். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒருவரோ இருவரோ போய்விடுகிறார்கள். அவர்களோடு பத்துப் பதினைந்து குழிகளின் அடையாளமும் போய்விடுகிறது. ஆதிச்சநல்லூரின் தாழி இன்னும் ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். அதற்குச் சட்டத்தின் காவலும் கண்ணாடிக் கூரையும் உண்டு. நம் முதியோரின் நினைவுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. ஆகவே மலைநாட்டில் படிப்பிக்கும் இளம் ஆசிரியர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், நல்லது. திரும்பி வந்ததும் உங்கள் தோட்டத்து மயானத்துக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள். கையில் ஒரு கொப்பி இருக்கட்டும்.

எங்கள் கொப்பியில் கடைசியாக ஒரு நிரல் உண்டு. அகழ்வாராய்ச்சி அறிக்கைகளைப் பார்த்து நான் போட்ட தலைப்பு அது: 'அத்தாட்சி'. அந்த நிரலை நிரப்பும் பொறுப்பை, இப்பன்கட்டுவையில் கேள்வி கேட்ட மாணவியிடமே விட்டிருந்தேன். முதல் பெயருக்கு நேரே அவள் எழுதியிருந்ததை இன்றும் எடுத்துப் பார்ப்பதுண்டு:

"எங்கள் அம்மாயி சொன்னது. அவர் அப்போது பக்கத்தில் நின்றார்."